முப்பத்திரண்டு ஆம்பியர்

என் தங்கை வீட்டுக்காரர் கடலூர் முதுநகரில் படகு என்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை போட்டபோது, வயரிங் வேலையை என்னிடம்தான் விட்டார். நான் சிதம்பரத்தில் வயர்மேன். தங்கை வீட்டு வேலை என்பதால் கொஞ்சம் மிடுக்கோடுதான் போனேன்.

பட்டறை வீட்டின் பின்பக்கம். முன்பக்க மீட்டரிலிருந்து அங்கே பிரேக்கர் வைக்கிற தனி டிபி பாக்ஸுக்கு வயர் இழுக்க வேண்டும். குறுக்கு வழி, அவர்கள் பிள்ளைகளோடு படுக்கிற அறையின் சுவர். கட்டிலின் தலைமாட்டுக்கு மேலாகவே வயரைக் கொண்டுபோனேன். அந்த வழியைத் தேர்ந்தெடுத்த புத்திசாலி நான்தான்.

பிறகு லோடு கணக்கு. லேத், கம்ப்ரசர், டிரில்லிங், கட்டிங் மெஷின், வெல்டிங் செட். எல்லாவற்றையும் கூட்டினால் நாற்பத்தைந்து ஆம்பியரைத் தாண்டியது. ஆனால் பட்டறையில் வேலை செய்வது மாப்பிள்ளை ஒருவர்தான். ஒரே நேரத்தில் இரண்டு மெஷினுக்கு மேல் அவரால் ஓட்ட முடியாது. அதனால் முப்பத்திரண்டைத் தாண்டினால் கரண்ட்டை நிறுத்திவிடும் பிரேக்கர், அதற்கேற்ற வயர்.

ஆயுத பூஜையை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. பூஜை முடிந்ததும் எல்லா மெஷினையும் சேர்த்து ஒரு நிமிடம் ஓடவிடாத பட்டறை எங்கே இருக்கிறது? எத்தனையோ பட்டறைகளில் அந்தச் சத்தத்துக்கு நடுவே நின்று பொரி தின்றவன் நான். எனக்குத் தெரியாததா?

அன்று தங்கை கற்பூரத் தட்டோடு நிற்க, அவர் ஒவ்வொரு மெஷினாகப் போட்டார். நாலாவது ஓடும்போதே என் கணக்கு தப்பென்று எனக்கு உறைத்தது. சாமி கும்பிடும் நேரத்தில் நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. அவர் வெல்டிங் ராடை இரும்பில் வைத்தார். லோடு தாங்காமல் பிரேக்கர் விழுந்து எல்லாம் நின்றுபோனது. தங்கை முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"மொத வருஷமே இப்பிடி ஆயிடுச்சே மச்சான். பெரிய பிரேக்கரா மாத்திடுங்க."

"வயர் தாங்காது மாப்ள. சூடாயி தீப்புடிச்சிக்கும். அடுத்த வாரம் தடி வயரா கொண்டாந்து இழுத்துத் தரேன், பொறுங்க."

தலையாட்டினார். அடுத்த வாரம் புது வயரோடு போய் டிபி பாக்ஸைத் திறந்தால், உள்ளே அறுபத்துமூன்று ஆம்பியர் பிரேக்கர். வயர் அதே பழைய வயர். யாரையோ வைத்து மாற்றியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. கழற்றப் போனேன். அவர் குறுக்கே வந்து நின்றார்.

"ஒரு வாரமா நிக்காம ஓடுது. நீங்க கைய வெச்சாதான் நின்னு போவுது மச்சான். புது வயரும் வேணாம், உட்டுடுங்க."

அறைக்குள் போய்ச் சுவரில் ஓடும் வயர்மேல் கையை வைத்தேன். பட்டறையில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. வயர் நன்றாகவே சுட்டது. தங்கையைக் கூப்பிட்டு அவள் கையையும் வைக்கச் சொன்னேன்.

"வெயிலுக்குச் சொவுரே சுடுதுண்ணா. அவுரு பாத்துக்குவாரு" என்றாள்.

"கட்டிலயாவது அந்தப் பக்கம் தள்ளிப் போடும்மா."

"அங்க போட்டா காத்து வராதுண்ணா. புள்ளைங்க தூங்காது."