மையவாடி டிராக்டரும் சமோசா எண்ணெயும்

எங்கள் மையவாடிக்கென்று சொந்தமாக ஒரு டிராக்டர் இருக்கிறது. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் ஓட்டினால், சோளக் காட்டுக்கு நடுவில், இங்குள்ள தமிழ் முஸ்லிம்கள் அடக்கத்துக்கென்று சேர்ந்து வாங்கிப் போட்ட ஒரு துண்டு நிலம். முன்பெல்லாம் கபர் குழி தோண்ட வெளியாள் ஒருவர் மெஷினோடு வருவார். இறந்தவரை அன்றே அடக்கிவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்பது அவர் வழக்கம். ஆகவே கமிட்டி கூடி, பின்னால் தோண்டும் கை பொருத்திய பழைய டீசல் டிராக்டரை வாங்கியது. கமிட்டியில் ஒன்பது பேர். ஏழு பேர் கம்ப்யூட்டர், இரண்டு பேர் மருந்துக் கம்பெனி. ஸ்பானர் பிடித்தவர் ஒருவருமில்லை.

நான் பிடித்திருக்கிறேன். திருச்சிப் பக்கத்து பஸ் டெப்போக்களில் முப்பத்துநான்கு வருடம் டீசல் என்ஜின்களோடு காலம் தள்ளியவன். ஆனாலும் கமிட்டியில் என்னைச் சேர்க்கவில்லை. "அங்கிள் எல்லாத்துக்கும் புரொசீஜர் கேப்பார், மீட்டிங் முடியாது" என்று தலைவர் என் மகனிடமே சொல்லியிருக்கிறார். பொய் என்று சொல்ல முடியாது.

தலைவருக்குச் சுற்றுச்சூழல் மீது அக்கறை அதிகம். போன ரமலானில் பள்ளிவாசல் சமையலறையில் முப்பது நாளும் சமோசா பொரித்த எண்ணெய் டின் டின்னாக மிஞ்சியது. அதைத் தன் கராஜில் வைத்து, ஏதேதோ மருந்து கலந்து, வடிகட்டி, டீசலுக்குப் பதிலாக ஓடும் எரிபொருளாக மாற்றினார். அதை டிராக்டரின் டேங்க்கில் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பினார். ஆகஸ்ட் மாதம் அது அருமையாக ஓடியது. வீடியோ எடுத்து குரூப்பில் போட்டார். நூறு பேர் மாஷா அல்லாஹ் போட்டார்கள்.

நான் மட்டும் கூட்டத்தில் எழுந்து மூன்று ஆட்சேபங்கள் சொன்னேன். எண்ணெயில் தண்ணீர் தங்கியிருக்கும், ரப்பர் குழாய் ஊறிப்போகும், எதை எவ்வளவு கலந்தார் என்பதற்குப் பதிவேடு இல்லை. மூன்றும் சரியான ஆட்சேபங்கள். குளிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு மார்கழியும் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கித் தலையில் தேய்த்துக்கொண்டவன் நான். அந்தத் தலைக்கு அது தோன்றவில்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, விடிகாலை சுபுஹு தொழுகை நேரத்தில் என் நண்பர் மௌத்தானார். கூத்தாநல்லூர்க்காரர். குளிர்காலம் முழுக்க இருவரும் மாலுக்குள் நடப்போம். கடைகள் திறக்கும் முன்பே நாலு சுற்று சுற்றிவிடுவோம். அவருக்குக் குளிர் ஆகாது. "மௌத்தானா அன்னைக்கே மண்ணுக்குள்ள வச்சிருங்கடா, ஐஸ் பெட்டியில மட்டும் போட்டுராதீங்க" என்று மகனிடம் சத்தியம் வாங்கியிருந்தார். மகன் ஒரே பிள்ளை. எங்கள் மையவாடிக்கு டவுன்ஷிப் கொடுத்த அனுமதியில் இரண்டு நிபந்தனைகள்: சூரியன் மறைந்தால் கேட்டைப் பூட்ட வேண்டும், ஞாயிறும் அரசு விடுமுறையும் அடக்கம் கிடையாது. திங்கட்கிழமை விடுமுறை. ஆக, அன்று மாலைக்குள் இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை. நடுவில் மூன்று இரவு ஐஸ் பெட்டி.

அன்று வெளியே பத்து ஃபாரன்ஹீட். நம் கணக்கில் மைனஸ் பன்னிரண்டு. தலைவரும் நானும் நாலைந்து பேரும் முன்னாலேயே போய்விட்டோம். குளிப்பாட்டி முடித்து ஜனாஸா பின்னால் வரும், தொழுகையையும் மையவாடியிலேயே வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. டிராக்டர் முதல் முறையிலேயே கிளம்பியது. தலைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். புகைபோக்கியிலிருந்து நோன்பு திறக்கும் நேரத்து வாசனை வந்தது. துக்கத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் பசித்தது. பாறைபோல் இறுகிக் கிடந்த மேல்மண்ணை உடைத்து, முழங்கால் ஆழம் தோண்டியதும் என்ஜின் இருமியது, திணறியது, நின்றுவிட்டது.

"ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க பாய்" என்றார் கம்ப்யூட்டர்காரர் ஒருவர்.

"ஆஃப் ஆகித்தானே நிக்குது?"

"பேட்டரியா இருக்கும். என் கார்ல இருந்து ஜம்ப் குடுக்கலாமா?"

"உங்க கார் எலக்ட்ரிக், பாய். அது நின்னா நமக்கு யார் ஜம்ப் குடுக்கிறது?"

தலைவர் ஒரு பாட்டிலை எடுத்து டேங்க்கில் கவிழ்த்தார். டீசல் உறையாமல் இருக்க ஊற்றும் மருந்து. "இப்போ சரியாயிடும் பாருங்க." அது உறைவதற்கு முன்னால் ஊற்ற வேண்டியது. உறைந்த பிறகு ஊற்றினால் அதுவும் போய் மேலே உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். இதை நான் சொல்லவில்லை. ஏனென்றால் உறைந்திருக்கும் என்று நானே நினைக்கவில்லை.

எங்கள் டெப்போவில் ஓடி நின்ற டீசல் வண்டி என்றால் ஏர்லாக். குழாயில் காற்று புகுந்திருக்கும். நட்டைத் தளர்த்தி, கைப் பம்பை அழுத்தி, காற்றை வெளியேற்ற வேண்டும். முப்பத்துநான்கு வருடமும் அதுவே விடை. டேங்க்கிலிருந்து தொடங்கி ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தினேன். கையுறையைக் கழற்றினால் விரல் இரும்போடு ஒட்டுகிறது, போட்டால் நட்டு பிடிபடவில்லை. பம்பு கல்லாக இருந்தது. விடாமல் அழுத்தினேன். "அங்கிளுக்குத் தெரியும், டிஸ்டர்ப் பண்ணாதீங்க" என்று தலைவரே கூட்டத்தை விலக்கினார். முதன்முறையாக அந்த மனிதர் என்னை மதித்த சமயத்தில் நான் முக்கால் மணி நேரத்தை வீணடித்துக்கொண்டிருந்தேன். ஜனாஸா வண்டி வந்து நின்றது அப்போதுதான்.

கடைசியில் ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றினேன். உள்ளே ஃப்ரிட்ஜில் வைத்த நெய். வெளிர் மஞ்சள், விரலால் அள்ளலாம். டீசல் குளிரில் மெழுகாகும் என்று கல்லூரிப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு நான் சொன்னதைக் கேட்டார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும். குளிர்கால டீசல் வாங்கி வர ஒருவரை அனுப்பினேன். குடிதண்ணீர் கேனை எடுத்துப் போனார், பங்க்கில் ஊற்ற மறுத்துவிட்டார்கள். டீசலுக்கு மஞ்சள் கேன்தான் சட்டம். கேன் வாங்க வேறு கடைக்குப் போனார். அந்தச் சட்டம் நியாயமானது. வேறொரு நாளாக இருந்தால் நானே எடுத்துச் சொல்லியிருப்பேன். மற்றவர்கள் குழிக்குள் இறங்கினார்கள். டிராக்டர் வந்ததும் மண்வெட்டிகளைக் கமிட்டி கழித்துவிட்டதால் இருந்தது இரண்டே இரண்டு. கோட்டும் ஷூவுமாக முறை போட்டு வெட்டினார்கள்.

ஃபில்டரை வழித்து, துண்டில் சுற்றி, நண்பரின் மகனிடம் கொடுத்து, அவன் கார் ஹீட்டர் முன்னால் பிடிக்கச் சொன்னேன். அவன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். உருகிய எண்ணெய் விரலிடுக்கில் வழிந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அங்கிள், இன்னைக்கு முடிஞ்சிருமா?"

"ஃபில்டர் வழிவிட்டா முடியும். முக்கால் மணி நேரத்தை நான்தான்ப்பா வேஸ்ட் பண்ணிட்டேன்."

அவன் மேற்கே பார்த்தான். சூரியன் மரங்களுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

"அத்தா உங்களைப் பத்தி சொல்லுவாங்க. 'அவனுக்குத் தெரியாதது ஒண்ணும் கிடையாது, அதான் அவன்கூட நடந்தா காது வலிக்குது'ன்னு."

"அதுக்கு அவன் காதுல பஞ்சு வச்சுக்கிட்டு வந்தான். குளிருக்குன்னு என்கிட்ட சொன்னான்."

அவன் சிரித்தான். ஃபில்டரைக் கீழே வைக்காமலே தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மஞ்சள் கேன் வந்தது. அதையும் ஹீட்டர் முன்னால் சிறிது நேரம் வைத்தோம். பிறகு டேங்க்கின் குழாயைப் பிடுங்கி, கேனை டிராக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் கட்டி, நேரே அதற்குள் குழாயை விட்டேன். மறுபடி நட்டு, மறுபடி பம்பு. இந்த முறை உண்மையிலேயே காற்று இருந்தது. மூன்றாவது முயற்சியில் வெள்ளைப் புகையோடு கிளம்பியது. இடுப்பளவு வெட்டி மூச்சு வாங்கியவர்கள் ஏறி வந்தார்கள். மிச்ச ஆழத்தைத் தலைவர் தோண்டினார். நன்றாகவே தோண்டினார்.

ஜனாஸா தொழுதோம். சூரியன் மரக்கிளைகளுக்குள் இறங்கியிருந்தது. தகப்பனை வாங்கி வைக்க மகன் கபருக்குள் இறங்கினான். கையை நீட்டியவன் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான். பத்து விரலும் டீசலும் எண்ணெயுமாகக் கறுத்திருந்தன. கபரின் விளிம்பில் கிடந்த பனியை அள்ளித் தேய்த்தான். போகவில்லை. மறுபடி தேய்த்தான்.

"நீ மேல வாப்பா, வேற யாராவது இறங்கட்டும்" என்றார் தலைவர், தணிந்த குரலில்.

"இல்ல, நான்தான் வைக்கணும்."

இமாம் அவன் கைகளைப் பார்த்தார், மேற்கே பார்த்தார். "பரவாயில்ல. வாங்கிக்க" என்றார்.

அவன் வாங்கிக்கொண்டான். வலப்புறமாகச் சாய்த்து, முகத்தைத் தொழும் திசையான கிப்லாவுக்குத் திருப்பி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, வெள்ளைக் கஃபன் துணியில் தோளுக்குக் கீழே அவன் விரல்கள் ஐந்தும் பதிந்திருந்தன. நாங்கள் மூன்று மூன்று பிடி மண் போட்டோம். கேட்டைப் பூட்டும்போது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது.