பெட்டியா, மென்பொருளா

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பித் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. அளந்து பார்க்காமல் யார் சொன்னாலும் நம்ப மாட்டேன்.

என் மனைவி சர்ச்சில் பாடுகிறவள். அவள் பாட்டை வீட்டிலேயே பதிவுசெய்து, பெரிய கூடத்தில் பாடியது போல எதிரொலி சேர்க்க, கணினியில் ஒரு மென்பொருள் வைத்திருந்தேன். அதே வேலையைச் செய்யும் பழைய ரிவெர்ப் பெட்டி ஒன்றை மீஞ்சூர்க்காரர் ஒருவர் விற்க வந்தார்.

"ரெண்டு நாள் வச்சிகினு கேட்டுப் பாரு நைனா. புடிச்சா வாங்கிக்கோ" என்றார். விற்க வந்தவர் இவ்வளவு தாராளமாகப் பேசினால் பொருளில் ஏதோ கோளாறு என்றுதான் எனக்குப் பட்டது.

ஞாயிறு மதியம் ஒரே பாட்டை மென்பொருளில் ஒரு முறை, பெட்டியில் ஒரு முறை ஓட்டினேன். பெட்டியில் குரலுக்கே தனிக் கனம் வந்திருந்தது. மனைவியைக் கூப்பிட்டு, பெட்டிதான் நல்லா இருக்கு என்று சொல்லி இரண்டையும் போட்டுக் காட்டினேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தான்யா கீது" என்றாள்.

அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, சீக்கிரம் போவதற்காகச் சொல்கிறாள் என்று சந்தேகப்பட்டேன். மறுபடி கேட்க வைத்தேன். அதே பதில். பாடுகிறவளுக்குக் காது வேண்டாமா என்று கத்தினேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் பெட்டியை நகர்த்தியபோதுதான் பார்த்தேன். அதிலிருந்து கணினிக்குத் திரும்ப வேண்டிய வயரை நான் செருகவே இல்லை. மென்பொருளை அணைக்கவும் இல்லை. இரண்டு முறையும் கேட்டது மென்பொருளின் எதிரொலியைத்தான்.

மறுநாள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

"நல்லாகீதுன்னியே, இன்னாத்துக்குக் குடுத்துட்ட?" என்று கேட்டாள் மனைவி.

"அதுல ஏதோ கோளாறு" என்றேன்.

நான் கம்பியைத் தரம் பார்ப்பது போல அவள் என்னைப் பார்த்தாள்.