தங்கையின் கல்யாண நேரம்

தங்கையின் கல்யாணத்தை ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வைத்தது நான்தான். ராகுகாலம் என்று தெரிந்தே வைத்தேன். கல்லூரியில் படிக்கும்போது பௌத்தம் ஏற்றவன் நான். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் என்பதால் எல்லோரும் என் பேச்சைக் கேட்டார்கள். மாப்பிள்ளைக்கும் சம்மதம். அவருடைய அம்மாதான் மீன்சுருட்டியிலிருந்து பஸ் மாறி மாறி பாடாலூரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“நேரத்த மாத்துங்க தம்பி. இல்லன்னா இந்தக் கல்யாணமே வேணாம்.”

கதவோரம் நின்ற தங்கையின் முகம் சுருங்கியது. அவளுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது.

எனக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. தினமும் காலையில் கண்மூடி உட்கார்ந்து பொறுமையைப் பழகுகிறவன்தான். காலையில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை, அதனால் சுலபம். மூச்சை இழுத்துவிட்டு, “ஏன் அத்தை இவ்வளவு பயம்?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தார். அவராகப் பேசும்வரை நான் குறுக்கிடாமல் இருப்பது பெரும்பாடாக இருந்தது.

“எங்க கல்யாணத்துல வண்டி லேட்டாயிடுச்சு. ராகுகாலத்துலதான் தாலி ஏறுச்சு. ரெண்டாம் வருஷமே அவரு போயிட்டாரு. நேரங்கெட்ட சிறுக்கின்னு எம் மாமியா சாவுற வரைக்கும் சொல்லிச்சு. நாளைக்கு ஒந்தங்கச்சிய எவளாச்சும் அப்புடிச் சொல்லிட்டா?”

மூடநம்பிக்கை என்று சொல்லத் தயாராக இருந்தேன். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

தங்கை வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, புத்தருக்கு எந்த நேரமும் ஒண்ணுதானே? அப்ப அத்தை சொல்ற நேரமும் அவருக்குச் சரிதானே?”

அத்தை சிரித்துவிட்டார். “இந்தப் புள்ளையப் படிக்க வச்சிருக்கலாம் போல.”

“படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அன்னைக்குப் புத்தர் முன்னால மெழுகுவத்திய நீங்கதான் ஏத்தணும், அத்தை.”

அவர் சிரிப்பு நின்றது. “தாலியறுத்தவ ஏத்துனா ஊரு என்ன சொல்லும்?”

ஞாயிறு காலை, அவர் குறித்துக் கொடுத்த நேரத்தில் கல்யாணம். அத்தை மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டார். நான் அவரைக் கூப்பிட இரண்டு அடி வைத்தேன். தங்கை வேண்டாம் என்று தலையசைத்தாள். நாங்கள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஏற்றாத மெழுகுவத்தியருகே புத்த பிக்கு காத்திருந்தார், மாலையோடு மணமக்கள் காத்திருந்தார்கள், தீப்பெட்டியோடு நானும் காத்திருந்தேன். நல்ல நேரம் முடியப்போகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அத்தை சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்து, என் கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கினார்.