மரகதம் மறைக்க மறுத்த வரி

மரகதம் இறந்த செய்தி செவ்வாய் காலை அலுவலகக் குழுவில் வந்தது. அவர் தங்கை அனுப்பியிருந்தார்: "அக்கா போயிட்டாங்க. வெறும் காய்ச்சல்னு இருந்துட்டோம்." மதியம் மேலாளரின் இரங்கல். "சின்ன விஷயங்களிலும் கவனமாக இருந்தவர்."

சின்ன விஷயங்கள். அந்தச் சொல்லைத் தாங்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன், அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு.

நாம் எழுதும் நிரலோடு, பயன்படுத்துவோருக்காக ஒரு விளக்கக் குறிப்பு இருக்கும். அதற்குள் ஒரு மாதிரி நிரல். நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் அந்த மாதிரியையும் சோதிக்கும். சந்தேகம் வந்தால் எச்சரிக்கும். நம் வழக்கம் என்ன? எச்சரிக்கையை அடக்கும் ஒரு வரியை மாதிரியின் தலையில் போட்டு, படிப்பவர் கண்ணில் படாமல் அதையும் மறைப்பது.

வாழவந்தி நாடு என்னும் மலையூரில் அவர் வீட்டில் சிக்னல் கிடைக்காது. சோளக்காடு பஸ் நிறுத்தத்தில், பழக்கடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போன் வழியே கூட்டத்துக்கு வருவார். ஒருநாள் பஸ் ஹாரனுக்கு மேல் கத்தினார்: "ஏனுங்க, நம்ம நிரல யாருங்க படிக்கிறா? மாதிரியத்தான் அப்படியே எடுத்து ஒட்டறாங்க. அதுல போயி மறைக்கலாமுங்களா?"

"கொய்யாவ வித்துட்டு வந்து பேசுங்க மரகதம்" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தோம். நானும்.

"வித்தாச்சுங்க. அழுகுனத அடியில வெச்சு விக்கலீங்க."

பிறகு ஒரு கல்லூரி மாணவியின் கடிதம் வந்தது. மழை அளவைப் பதிய நம் மாதிரியை ஒட்டியிருந்தார். சேமிக்க முடியாமல் போனால், சேமிக்கும் கட்டளை அதைப் பதிலாகச் சொல்லும். நம் மாதிரி அந்தப் பதிலைக் கேட்பதே இல்லை. கம்பைலர் எச்சரித்திருந்தது. நாம் அடக்கியிருந்தோம். ஒரு பருவம் முழுக்கத் திரையில் 'சேமித்தாயிற்று'. கோப்பு காலி.

"மாதிரி வெறும் மாதிரிதான்" என்று பதில் போட்டார் மேலாளர். மரகதம் அந்த மாணவிக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினார். மறைத்த வரிகளையெல்லாம் நீக்கினார். மாதிரிகளை ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கினார். பாதி முடிந்ததும் என் ஒப்புதலுக்கு அனுப்பினார். "அப்புறம் பார்க்கலாம்" என்று எழுதியவன் நான். மாதங்கள் போயின.

இரங்கல் வந்த அன்றே அந்தத் திருத்தத்தை மூடச் சொன்னார்கள். எழுதியவர் இல்லையாம்.

மூடவில்லை. வரிவரியாகப் படித்தேன். ஒப்புதல் கொடுத்தேன். அடுத்த நிமிடம், அடக்கும் வரிகள் போய்விட்டதால், அவர் திருத்தி முடிக்காத பாதியிலிருந்து எல்லோர் திரையிலும் எச்சரிக்கைகள்.

மேலாளர் போனில் வந்தார். "யாரைக் கேட்டுச் செஞ்ச? இப்பவே அடக்கு."

"முடியாதுங்க. திருத்தித்தான் நிறுத்துவேன்."

மரகதத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் முடிக்காத மாதிரிகள். இன்று ஒன்றைத் திருத்தினேன்.