சாம்பல் போன பூசணிக்காய்

பெரியகல்லாற்றுக் கண்ணகைக்கு வீடு கழுவுவது ஒரு பைத்தியம். சித்திரை வருசம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இந்த முறை யன்னல், கதிரை, கோழிக்கூடு எல்லாம் கழுவியும் ஆசை தீராமல், குசினியில் அடுப்பு மூலையிலிருந்த நீத்துப்பூசணிக்காயையும் தூக்கிச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். அந்த வெள்ளைச் சாம்பல் காயோடு வந்தது என்று அவளுக்குத் தெரியும்தான். ஆனால் அதன்மேல் அடுப்புக்கரி, பல்லி எச்சம். வருசத்தன்று அப்படி ஒன்று வீட்டில் இருக்கலாமா?

சாதாரணக் காய் என்றால் பரவாயில்லை. இது விதைக்காய். வாவிக்கரை உப்பு மண்ணில் கடையில் வாங்கிய விதையெல்லாம் கருகிப்போகும். இந்த இனம் மட்டும் காய்க்கும். மாரி வெள்ளம் கொடிகளை அழுகவைத்தபோது, கூரையில் ஏறிய ஒரேயொரு கொடி தப்பி, இந்த ஒற்றைக் காயைத் தந்தது.

வந்தாறுமூலையில் விவசாயம் படிக்கும் மகள் கம்சாயினி, அன்று போனில் முகம் பார்த்துக் கதைக்கும்போது கண்டுவிட்டாள்.

"அம்மா, காய் ஏன் மினுங்குது?"

"கழுவினன் மனே."

மகள் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தாள். "அது மெழுகம்மா. காய் தன்ட கொழுப்பில இருந்து செஞ்சு தோலுக்கு வெளியில விடுறது. அது இருந்தாத்தான் உள்ள தண்ணி காயாது, பூஞ்சணம் லேசில ஏறாது. பிடுங்கின காய்க்குத் திரும்ப அது வராது."

"அப்ப இப்பவே வெட்டி விதைய எடுக்கட்டா?"

"இப்பதானே பிடுங்கின காய், விதைக்குள்ள எண்ணெய் இன்னும் நிரம்பியிருக்காது. அந்த எண்ணெயத் தின்டுதான் முளை மேல வரும். அழுகாட்டி, பொறுத்துப் பாருங்க."

அழுகாட்டி! அந்த ஒரு சொல் கண்ணகையின் நித்திரையைத் தின்றது. காயை வைக்கோலில் வைத்தாள். தொட்டால் கைச்சூடு பட்டுவிடுமோ என்று பயம்; தொடாமலிருந்தால் உள்ளே என்ன நடக்குதோ என்று பயம். மூக்கைக் கிட்ட வைத்து மணந்து மணந்து பார்த்தாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. பக்கத்து வீட்டுப் பிரஷாந்தி, "என்னகா, பிள்ளைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறீங்க," என்று சிரித்தாள். கண்ணகைக்குச் சிரிப்பு வரவில்லை.

சில கிழமைகள் கழிந்து ஒரு காலை, காம்போரம் விரலுக்கு மெத்தென்றது. ஒரு நாள் பிந்தினாலும் போச்சு. கத்தியை எடுத்து வெட்டினாள். காம்புப் பக்க விதைகள் சப்பட்டை, வெறும் தோல். மறுபக்கத்தில் கையை விட்டு அள்ளினாள். அவை தடித்திருந்தன. மகள் பிறகு போனில் சொல்லிக் கொடுத்திருந்தபடி ஒன்றைத் தோலுரித்துப் பருப்பைக் கடதாசியில் வைத்து நசுக்கினாள். ஈரம் காய்ந்த பிறகும் எண்ணெய்க் கறை போகவில்லை. அப்போதுதான் மூச்சு வந்தது.

விதைகளைக் கழுவி நிழலில் உலர்த்தினாள். இத்தனை வருசத்தில் அந்த இனத்து விதையில் ஒன்றைக்கூட அவள் வேலி தாண்டவிட்டதில்லை. இம்முறை பாதியை அள்ளிக்கொண்டு பிரஷாந்தியின் படலையைத் திறந்தாள்.

"இதை நீ போடு," என்றாள். "என்ட கையில மட்டும் இருக்கப் பயமா இருக்கு."