படத்துக்கு அழுதவர்

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் வீட்டு முன்னறையில் ஒரு ருஷ்ய எழுத்தாளரின் பழைய புகைப்படம் பெரிதாக மாட்டியிருந்தது. போன நூற்றாண்டுக்கும் முந்தியவர். மனநோயில் தவித்து இளம் வயதிலேயே உயிரை மாய்த்துக்கொண்டவராம். பேராசிரியர் தன் தாடியையும் அதே மாதிரி வளர்த்து, பேச்சுக்குப் பேச்சு கோதிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கண்ணப் பாரும் வே. என்ன வேதனை! ஒருத்தராவது ஆறுதல் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றவருக்குக் கண்ணீர் வழிந்தது.

அப்போது உள்ளறையிலிருந்து அவருடைய தம்பி வந்து நின்றார். கண்கள் குழி விழுந்திருந்தன.

"அண்ணே, தூக்கமே வரமாட்டேங்கு. என்னென்னமோ தோணுது. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போண்ணே."

"ஆள் வந்திருக்கும்போது வெளிய வராதன்னு சொல்லியிருக்கம்லா? உள்ள போலே!" என்று பேராசிரியர் அதட்டினார்.

நான் எழுந்து தம்பியின் கையைப் பிடித்தேன். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். பேராசிரியர் தடுக்கவில்லை. வாசல்வரை வந்து, "பக்கத்து வீட்டுக்காரங்க பாக்காம பைய கூட்டிட்டுப் போவும் வே" என்றார்.

தம்பி இப்போது மருந்து சாப்பிட்டுத் தேறி வருகிறார். அந்த வீட்டுக்கு அப்புறம் நான் போகவில்லை. அந்த ஆள் அன்றைக்கு அழுதது நடிப்பு என்றால் எப்போதோ மறந்திருப்பேன். நிஜமாகவே அழுதார். அதுதான் இன்னும் எனக்குக் குமட்டுகிறது.