கருவிகளுக்கு எண் வாசித்த நாள்

அந்தக் கருவி கடுக்காய் அளவுதான் இருக்கும். எஃகு. அடியில் காந்தம். துடைக்க எடுத்தால் உள்ளங்கையில் குளிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். இரும்புப் பக்கம் கொண்டுபோனால் கையைவிட்டுத் தாவி ஒட்டிக்கொள்ளும். கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனியில், மின்சாரம் எடுக்கிற பெரிய காற்றாடிகளின் பேரிங்குகள் எவ்வளவு அதிர்கின்றன என்று பார்க்கிற அறையில் நான் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தேன். அந்த அறைக்கு ஒரு மேடம் இருந்தார்கள். என்னைவிட ரொம்பச் சின்ன வயது. அவர்களை நினைத்தால் முதலில் இந்தக் குளிர்ச்சிதான் கைக்கு வருகிறது.

கருவியைப் பேரிங்கில் ஒட்டி, பேரிங்கைச் சுற்றவிடுவார்கள். அது நடுங்குவது திரையில் அலையாக ஓடும். கோடையில் ஆறு வற்றின பிறகு மணலில் வரிவரியாகக் கிடக்குமே, அந்த மாதிரி. நான் துடைப்பத்தோடு நடந்தால் அந்த வரி லேசாகத் துள்ளும். "அது நீங்கதான் யக்கா" என்று மேடம் ஒருநாள் காட்டினார்கள். வெட்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன். வரியும் அடங்கிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்கூட நான் எங்கேயோ ஒரு கோடாக ஓடிக்கொண்டிருக்கிற மாதிரியே இருந்தது.

பார்க்க எல்லாக் கருவியும் ஒன்றுபோல இருந்தாலும் ஒரே நடுக்கம் ஒன்றுக்குக் கூடக் கேட்கும், ஒன்றுக்குக் குறையக் கேட்கும். அதற்காக ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரில் தனிப் பக்கம் உண்டு. எது எவ்வளவு கேட்கும் என்கிற எண் அதில் இருக்கும். அந்த எண் மாறிப்போனால் கெட்ட பேரிங்கும் நல்லதாகத் தெரியும். காற்றாடி உச்சியில் சுற்றும்போது அது உடைந்தால், ஏறி வேலை பார்க்கிற ஆட்களின் கதி என்ன? மேடம் அதில் கண்டிப்பு. ஒருவர் கருவியோடு வந்த அட்டையைப் பார்த்துச் சத்தமாக வாசிக்க வேண்டும், இன்னொருவர் அடிக்க வேண்டும். தனியாக அடிக்கவே மாட்டார்கள்.

ஒரு ஆனித் தேர்த் திருவிழாவன்று மற்றவர்கள் எல்லோரும் லீவு. தலைமை ஆபீசில் ஏதோ மாற்றப்போய், கம்ப்யூட்டரில் எல்லாக் கருவிக்கும் ஒரே எண் வந்து உட்கார்ந்திருந்தது. வாசலில் பேரிங்கை ஏற்ற லாரி. அங்கே காற்றாடி நிற்கிற காட்டில், அதைத் தூக்கி மாட்ட வாடகைக்குப் பிடித்த கிரேன் சும்மா நிற்கிறது. மேடம் என்னைக் கூப்பிட்டார்கள். அஞ்சாம் கிளாஸ் வரை படித்தவள், எண் தெரியும். ஆனால் அடுத்தவர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை. வாசித்தேன், எனக்கே கேட்கவில்லை.

"காத்தாடிக்குக் கேக்காண்டாம் யக்கா, எனக்குக் கேட்டாப் போதும்."

சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு குரல் வந்தது. நான் வாசிக்க, அவர்கள் அடிக்க, அடித்ததை அவர்கள் திரும்பச் சொல்ல, நான் அட்டையைப் பார்த்துத் தலையாட்ட, வெளியே ஆனி மாசக் காற்று ஊளையிட, ஏதோ இரண்டு பேர் தூக்கத்தில் பேசிக்கொள்கிற மாதிரி அது போய்க்கொண்டே இருந்தது.

பாதியில் மேனேஜர் சார் வந்தார். மிச்சத்துக்கு அந்த ஒரே எண்ணே இருக்கட்டும் என்றார். மேடம் முடியாது என்றார்கள்.

"அப்ப நாளைக்கு நீங்க வேலைக்கு வராண்டாம்."

மேடத்தின் விரல்கள் கீபோர்டு மேலே அப்படியே நின்றன. அவர்கள் சம்பளத்தில்தான் அவர்கள் வீடு ஓடியது, அது எனக்குத் தெரியும். சார் என் பக்கம் திரும்பினார். வாசித்தவர் என்று கம்ப்யூட்டரில் என் பேரைப் போட்டுவிட்டால் லாரி கிளம்பிவிடும் என்று நயமாகச் சொன்னார். "முடிஞ்சிட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க யக்கா. அவ்வளவுதான."

"இன்னும் வாசிக்காமக் கிடக்கு சார்" என்றேன்.

அடுத்த அட்டையை எடுத்து வாசித்தேன். மேடம் அடித்தார்கள். சார் கிரேன்காரரிடம் போனில் கெஞ்சிக்கொண்டே வெளியே போனார்.

எல்லா எண்ணும் அடித்து முடிந்து, சாயங்காலம் பேரிங்கைச் சுற்றவிட்டார்கள். அலை அமைதியாக ஓடியது. ஒரு குறையும் இல்லை.

"இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்றார் சார்.

"நல்லதுன்னு தெரிஞ்சு போகுதுல்லா" என்றார்கள் மேடம்.

மேடம் மறுநாளும் வேலைக்கு வந்தார்கள். சார் தடுக்கவில்லை. பிறகு அவர்களாகவே கோயம்புத்தூர்ப் பக்கம் போனார்கள். நானும் முட்டுவலியால் நின்றுவிட்டேன்.

இப்போது கயத்தாற்றில் மகள் வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருகிறேன். இரண்டு பக்கமும் காற்றாடிகள் தூக்கத்தில் கைவீசுவதுபோலச் சுற்றுகின்றன. அந்தப் பேரிங் எதற்குள் இருக்கிறதோ, தெரியாது. ஏதாவது ஒன்று நின்றுகிடந்து, உச்சியில் எறும்பு மாதிரி ஒரு ஆள் தெரிந்தால், அவர் இறங்குகிறவரை இந்த பஸ் நிற்காதா என்று இருக்கும். நிற்காது. கழுத்து வலிக்கிறவரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறேன்.